வெற்றி பெற்ற மாத்திரை

ஆவணி, செவ்வாய் இரவு

புது மாத்திரை ஆராய்ச்சி வெற்றி என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா லட்டு கொடுத்தார். நானும் இரண்டைத் தின்றுவிட்டு நன்றி வேறு சொன்னேன். என்னைப்போல ஒரு முட்டாள் காஞ்சிபுரத்திலேயே கிடையாது.

தறிக்காரன் புத்தி அப்படி. சாம்பிள் சேலை ஓகே ஆனால் எங்களுக்கு அடுத்து ஆர்டர் வரும். அந்த நினைப்பில், "அடுத்த மாச மாத்திரையை எப்ப வந்து வாங்கிக்கிறதும்மா?" என்று கேட்டேன்.

"ஆராய்ச்சி முடிஞ்சிடுச்சு சார். இனிமே மாத்திரை கிடையாது. கடைக்கு வர்றதுக்கு சில வருஷம் ஆகும்."

"அதுவரைக்கும் எம்பொண்ணு நரம்பு காத்துக்கினு இருக்குமா?"

"கையெழுத்து போடும்போதே சொன்னோமே சார்."

சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு என் காதில் மருந்து என்ற ஒரு சொல்தான் விழுந்தது.

எங்கோ ஒருத்தருக்கு வருகிற நரம்பு நோயாம். முன்பெல்லாம் என் பெண் தேவியால் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. இந்த மாத்திரைக்குப் பிறகு தலையைத் தானே பின்னிக்கொள்கிறாள். அவள் உடம்பில் பார்த்துத்தானே வெற்றி என்கிறார்கள்? அவளுக்கே இல்லை என்றால் அது யாருடைய வெற்றி?

வெளியே வரும்போது நர்ஸ், "மீதி மாத்திரையைத் திருப்பிக் குடுத்துட்டுப் போங்கண்ணா" என்றாள். வீட்டில் மறந்து வைத்துவிட்டேன் என்றேன்.

பஸ்ஸில் தேவி சிரித்தாள். "பொய் சொல்லக்கூட தெரியலப்பா உனக்கு. சட்டைப் பையை கையால மூடிக்கினே சொல்ற."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்கு போன் பண்ணிக் கேட்பார்கள். கேட்கட்டும். தரமாட்டேன். ஆனால் இந்த மாத்திரை அட்டையும் தீர்ந்த பிறகு என்ன செய்வேன்?