கட்டைக்குரல் கூட்டாளிக்கு

சிராங்கூன் ரோட்டு நாட்டுமருந்துக் கடையில் இன்று சித்தரத்தை வாங்கினேன். வாயில் போட்டதுமே உம் ஞாபகம். சனிக்கிழமை ஒத்திகைக்கு இதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதானே வருவீர்! தொண்டைக்கு நல்லது என்று எனக்கும் ஒரு துண்டு நீட்டுவீர்.

நீர் அச்சாபீஸில் எழுத்துக் கோப்பவர்; நான் துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுதும் கிராணி. நம் மாதா கோயில் பாடகர் குழுவில் யாருக்குத்தான் இசைக்குறிப்புப் படிக்கத் தெரியும்? சாமியார் ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டுவார், நாம் கேட்டுப் பிடிப்போம். இறந்தவர்களுக்கான பூசையில் பாடவென்று அவருக்குப் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது அந்தப் புது லத்தீன் பாட்டு. கல்லறைத் திருநாளுக்காக ஆறு மாதம் ஒத்திகை பார்த்தோம். பழைய பாட்டெல்லாம் நரகத்தைக் காட்டி மிரட்டும். இது தட்டித் தூங்கவைக்கும். "ஓய், செத்தா இந்தப் பாட்டுக்குத்தான்யா சாகணும்" என்று சிரித்தீர். பாவி மனுஷா, அப்படியா சொல்வது!

கடைசி வரியில் மற்றக் குரல்கள் ஓய்ந்துவிடும். கட்டைக்குரல் மட்டும் நீளும். அதற்கு நாம் இருவர்தான். ஒரு ஆள் மூச்சுக்கு அடங்காத வரி. முற்பாதி எனக்கு, பிற்பாதி உமக்கு என்று சாமியார் பிரித்தார். நான் முடிக்கும் முன்பே நீர் எடுத்துக்கொள்வீர். ஒட்டுப்போட்ட இடம் எவனுக்கும் தெரியாது. முதல்முறை அது சரியாக வந்த அன்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பகலெல்லாம் துறைமுகத்தில் கத்திய தொண்டையா இது என்றிருந்தது. ரிக்ஷாக்காரன் கூப்பிட்டும் ஏறாமல், டோபி காட் வரைக்கும் பாடிக்கொண்டே நடந்தோம்.

திருநாளுக்கு முன்பே காய்ச்சல் உம்மை ஒரே வாரத்தில் கொண்டுபோயிற்று. முப்பதாம் நாள் பூசைக்கு அந்தப் பாட்டையே பாடச் சொல்லி உம் மனைவி வந்து நின்றார்.

"என்னால முடியாதும்மா, அழுதுடுவேன்."

"வீட்டுல அவரு பாதிதாண்ணே பாடுவாரு. மீதி எங்கன்னு கேட்டா, அண்ணன்கிட்ட இருக்குன்னுவாரு. இத்தன மாசமா பாதிதான் கேட்டிருக்கேன். முழுசா ஒரு தடவ கேக்கணும்ணே."

அதற்குமேல் எப்படி மறுப்பது? சாமியார் உம் இடத்தில் நம் குழுவிலிருக்கும் தையற்காரரை நிறுத்தப் பார்த்தார். எனக்கு வீம்பு. யாரும் வேண்டாம், முழுவதையும் நானே இழுத்துவிடுகிறேன் என்றேன்.

பூசையன்று பாதிவரை நன்றாகத்தான் போனேன். அந்த இடம் வந்ததும், பழக்கத்தைப் பாரும், உமக்கு விட்டு நிறுத்திவிட்டேன். எனக்கு அடுத்த சுரம் எழவேயில்லை.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து உம் பாதி கேட்டது. நடுங்கும் குரல், லத்தீன் சொற்கள் தாறுமாறு. ஆனால் நீர் எடுக்கும் அதே இடம். முக்காட்டைப் பிடித்தபடி எழுந்து நின்று உம் மனைவி பாடி முடித்தார். நான் குழந்தைபோல் அழுதேன், வெட்கமில்லை.

இந்தச் சனிக்கிழமையும் ஒத்திகை உண்டு. உம் பாதியைத் தையற்காரர் படிக்கிறார். சொல்லிக்கொடுப்பவர் உம் மனைவி. நான் என் பாதியைப் பாடிவிட்டு, மூச்சு எடுத்துக்கொண்டு, கேட்கிறேன்.