அன்புவுக்குப் பக்கத்து இடம்

சுங்குவார்சத்திரம்,
ஞாயிறு மாலை.

என் லீலாவுக்கு,

உன் புருஷன் அப்பாவு எழுதுகிறேன். நான் சுகம். குவைத் வெயிலிலும் கர்த்தர் உன்னைத் தாங்கி நடத்துகிறார் என்று நம்புகிறேன். வெள்ளிக்கிழமைதோறும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ ‘சாப்டியா’ என்பாய், நான் ‘சாப்ட்டேன்’ என்பேன், அதற்குள் நீ பார்த்துக்கொள்கிற அந்த வீட்டுப் பிள்ளைகள் உன்னைக் கூப்பிட்டுவிடும். இதை அப்படி அவசரமாகச் சொல்ல முடியாது. தண்டலத்துக்காரர் ஒருவர் லீவு முடிந்து உங்கள் பக்கம் திரும்புகிறார். அவரிடம் இதையும் எலுமிச்சை ஊறுகாயையும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாய் பக்கத்து வீட்டு ரத்தினம் அக்கா போட்டது. நான் போட்டதோ என்று பயப்படாதே.

வேலை அப்படியேதான். பெண்கள் ஹாஸ்டலிலிருந்து கம்பெனிக்கு ஒரு டிரிப், ஷிப்ட் முடிந்ததும் திரும்ப ஒரு டிரிப். ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வழிவிட்டால் பொழுதோடு வீட்டுக்கு வருவேன். வந்துதான் என்ன. டிவியைப் போட்டுவிட்டுப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பேன். வீட்டில் யாராவது பேசுகிற சத்தம் வேண்டியிருக்கிறது.

என் பஸ்ஸில் அனிமா என்று ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். ஜார்க்கண்டுக்காரி. இருபது வயது இருக்கலாம். கண்ணாடியில் நீ மாட்டிவிட்ட சிலுவையை, ஏறும்போதெல்லாம் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வாள். ஒரு நாள் கையைக் காட்டி, ‘சர்ச்? சர்ச்?’ என்று கேட்டாள். நம் சபைக்கு வழி சொன்னேன். அடுத்த ஞாயிறே வந்துவிட்டாள். பாஷை தெரியாது. ஆனால் தெரிந்த ராகம் வந்துவிட்டால் அவள் பாஷையில் கூடவே பாடுவாள். கடைசி பெஞ்சில், தனியாக. ஆராதனை முடிந்ததும் எல்லாரும் அவரவர் ஆட்களோடு நின்று பேசுவார்கள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவாள். நீ இருந்திருந்தால் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பாய். ரத்தினம் அக்காதான் ஒரு தடவை, ‘இன்னா பொண்ணே, வூட்டாண்ட வா, சோறு துன்னுட்டுப் போ’ என்று கூப்பிட்டிருக்கிறாள். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் சிரித்ததாம்.

போன மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த வாரமே போய்விட்டாள், லீலா.

அவளுடைய ஊர் ஏதோ மலைக்கிராமம். மழையில் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பிள்ளையை ரயிலிலும் லாரியிலும் அலைக்கழிக்க வேண்டாம், அவள் ஜெபம் செய்த கோயில் மண்ணிலேயே வையுங்கள், வழி கிடைத்ததும் வருகிறேன் என்று அவள் அப்பா போனில் அழுதிருக்கிறார். ஹாஸ்டலில் கூட இருந்த பெண் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டு நம் போதகர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

கமிட்டி கூடியது. ரோட்டை அகலப்படுத்தியதில் நம் கல்லறைத் தோட்டம் பாதி போனது உனக்குத் தெரியும். மிச்சம் இருப்பது குடும்பங்களுக்கென்று சொல்லி வைத்த இடங்கள்தான். செயலாளர் ஜெபமணி அண்ணாச்சி, ‘இன்னைக்கு ஒரு ஆளுக்குக் கொடுத்தோம்னா நாளைக்கு எல்லாவனும் வந்து நிப்பாம்லா, அப்ப நம்ம பிள்ளைகளை எங்க கொண்டு வைக்க?’ என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வெளியே அந்த ஹாஸ்டல் பெண் படியில் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளை உள்ளே கூப்பிடவில்லை.

நான் எழுந்து, ‘எங்க புள்ள அன்பு பக்கத்துல எங்களுக்குன்னு இடம் கீது. அந்த எடத்தக் குடுத்துடுங்க’ என்று சொல்லிவிட்டேன்.

அண்ணாச்சி, ‘உம்ம வீட்டுக்காரிட்ட கேட்டீரா?’ என்றார். கேட்கவில்லை என்றேன். அவள் இங்கே இருந்தால் எனக்கு முன்னால் எழுந்து சொல்லியிருப்பாள் என்றேன்.

நீ விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் அந்த மண்ணில் கை வைத்து, ‘இது என் இடம், என் புள்ளைகிட்ட நான்தான் படுப்பேன்’ என்று சொன்னதை நான் மறக்கவில்லை. அது காதில் கேட்டுக்கொண்டே இருந்தபோதுதான் எழுந்தேன்.

அனிமாவை ரத்தினம் அக்காவும் இன்னும் சில பெண்களும் குளிப்பாட்டினார்கள். அவள் பக்கத்தில் ஒரு ஞாயிறுகூட உட்காராதவர்கள், தலைவாரிப் பின்னல் போட்டுவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பின்னுவதுபோல அவ்வளவு பொறுமையாக. அண்ணாச்சி வரவில்லை. அவர் சம்சாரம் மல்லிகைப்பூவோடு வந்து, முடிகிற வரைக்கும் நின்றார்.

போன வாரம் அவள் அப்பா வந்தார். மத்தியாஸ் என்று பெயர். ஒல்லியான மனிதர். எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என்னுடையது தெரியாது. பஸ் ஸ்டாப்பிலிருந்து நேரே கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். மகளுடைய மண்ணைத் தடவிக்கொண்டே இருந்தவர், பக்கத்தில் இருந்த சின்னக் கல்லறையைப் பார்த்து, யார் என்று கையால் கேட்டார். நான் என் நெஞ்சைத் தொட்டேன். பிறகு அன்பு எவ்வளவு உயரம் இருந்தான் என்று தரையிலிருந்து கையை உயர்த்திக் காட்டினேன். காட்டிய கையைக் கீழே இறக்க முடியவில்லை, லீலா. அவர்தான் வந்து பிடித்துக்கொண்டார்.

கொண்டுவந்த மெழுகுவர்த்திகளில் ஒன்றை முதலில் நம் பிள்ளைக்கு ஏற்றினார். அப்புறம்தான் தன் மகளுக்கு.

நம் வீட்டில்தான் தங்கினார். ரசம் வைத்தேன். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். டிவியைப் போடத் தோன்றவில்லை. மறுநாள் பஸ் ஏற்றிவிட்டு வந்து கதவைத் திறந்தேன். வீடு முன்னைவிடப் பெரிதாகிவிட்டது போல இருந்தது.

அன்பு போன பிறகு இந்த வீட்டில் உன்னால் மூச்சுவிட முடியவில்லை என்றுதான் நீ கிளம்பினாய். கடனுக்காக என்று ஊருக்குச் சொன்னோம். இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்புக்கொள்ளட்டுமா என்று போன வெள்ளிக்கிழமை கேட்டாய். உன் இஷ்டம் என்றேன். அது என் மனசிலிருந்து வந்த வார்த்தை இல்லை.

உன் இடத்தை உன்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன். உனக்குக் கோபம் வரும். வர வேண்டியதுதான். அந்தக் கோபத்தை போனில் காட்டாதே, லீலா. நேரில் வந்து, இந்த வீட்டுக்குள் நின்று, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி திட்டு. நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன்.

கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வரவுக்காக ஜெபிக்கிற,
அப்பாவு