மூக்குத்தி இல்லாத தேசத்தாய்

சைகோன், 4.3.1979

மாதா துணை.

அத்தானுக்கு ஜெனேவியேவ் எழுதுவது. தந்தி கிடைத்திருக்கும். நம் மகன் கபிரியேல் சனவரி ஒன்பதாம் தேதி கம்போடியாச் சண்டையில் செத்துப்போனான். உடம்பு வரவில்லை. வார்டு கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் வந்து கண்ணாடி போட்ட ஒரு படம் கொடுத்தார்கள். கூடத்தில் மாட்டச் சொன்னார்கள்.

அவன் கையால் செய்த படம் அது. சோலோன் பேட்டை அச்சகத்தில் செம்புத் தகட்டில் வெட்டினானே, அதில் அச்சடித்ததுதான். தேசத்தாய் கொடி பிடித்து நிற்கிறாள். பின்னால் யானைமேல் பழைய ராணிகள், சீனனைத் துரத்துகிற சண்டை, நெற்கதிர், எல்லாம் இருக்கிறது. தேசத்தாய்க்கு என் முகம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒட்டடைக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "சிரிக்காதம்மா, நாடு சிரிக்காது" என்றான். இந்த நாட்டுத் தாய்க்கு மூக்குத்தி ஏது என்று மேஸ்திரி சொன்னாரென்று அதை மட்டும் சுரண்டி எடுத்தான்.

படத்தில் நான் ஒரு பையனுக்குத் துப்பாக்கி எடுத்துக் கொடுக்கிறேன் அத்தான். பிள்ளை செத்த வீட்டுக்கெல்லாம் இதைத்தான் கொடுக்கிறார்கள். எதிர்வீட்டு ஹோவாவுக்கும் கொடுத்தார்கள். "அக்கா, இது நீங்கதானே?" என்றாள். இல்லை என்றேன்.

மகளிடம் மெல்லச் சொல்லுங்கள்.

ஜெனேவியேவ்

காரைக்கால், 2.4.1979

அன்புள்ள ஜெனேவியேவுக்கு,

தந்தி வந்த நாளிலிருந்து கடை திறக்கவில்லை. மகள் அந்துவானேத் தன் தம்பியின் போட்டோவை மடியை விட்டு இறக்கமாட்டேன் என்கிறாள்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. நாங்கள் புறப்படும்போது அவனுடைய பிரெஞ்சுக் காகிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டுத்தானே வந்தேன்? பிரெஞ்சுக் குடிமகனைப் பட்டாளத்தில் எப்படிச் சேர்த்தார்கள்? யாரோ செய்த தப்புக்கு நம் பிள்ளை போய்விட்டான். அது யாராக இருந்தாலும் நான் மன்னிக்கமாட்டேன்.

நீ அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. இங்கே வர கான்சல் ஆபீசில் பெயர் கொடு. அழைப்புக் கடிதம் நான் அனுப்புகிறேன்.

ஆந்துவான்

சைகோன், 6.5.1979

அத்தான்,

அந்த யாரோ நான்தான்.

நீங்கள் போன மறுவருஷம் அச்சகத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. வெளிநாட்டுக்காரனுக்கு வேலை இல்லை என்றார்கள். அவன் இரண்டு நாள் சோறு தொடவில்லை. வயது வராத பிள்ளை, தாய் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். காகிதத்தை ஒப்படைத்துவிட்டு, இவன் இந்த நாட்டுப் பிள்ளை என்று எழுதியிருந்ததற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது படித்தவள், பிழையில்லாமல் போட்டேன்.

வேலை கிடைத்தது. அந்தப் படத்தை வெட்டினான். இந்த நாட்டுப் பிள்ளை என்பதால் அடுத்த வருஷம் பட்டாளத்திலிருந்து ஆள் வந்தது. போகும்போது என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஹோவாவிடமும் ஒப்புக்கொண்டேன், படத்தில் இருப்பது நான்தான் என்று. அவள் வீட்டுக்குப் போய்த் தன் படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து என் வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

நீங்களும் திட்ட வேண்டியதைத் திட்டி எழுதுங்கள். வாங்கிக்கொள்கிறேன்.

ஜெனேவியேவ்

சைகோன், 2.12.1979

அத்தானுக்கு,

ஏழு மாதம் ஆயிற்று. பள்ளிவாசல் தெரு ஜுலைகாவுக்குக் காரைக்கால் தபால் தவறாமல் வருகிறது. அதனால் என் கடிதமும் உங்களுக்குச் சேர்ந்திருக்கும்.

கான்சல் ஆபீசில் கூப்பிட்டார்கள். புருஷன் அழைப்புக் கடிதம் எங்கே என்றார்கள். வராது என்றேன். பெயரை அடித்துவிட்டார்கள்.

வருகிற சனவரி ஒன்பதாம் தேதி வருஷம் திரும்புகிறது. கோயிலில் பூசைக்கு எழுதிக் கொடுக்கும்போது தகப்பன் பெயர், தாய் பெயர் இரண்டும் கேட்பார்கள். என் பெயரை எழுத உங்களுக்குக் கை வராது. அதற்காகப் பூசையை நிறுத்திவிடாதீர்கள். ஆந்துவான் மகன் கபிரியேல் என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். சாமியார் கேட்டால், தாய் இல்லை என்று சொல்லுங்கள்.

ஜெனேவியேவ்