பீரோவுக்குள் இருந்த இன்டர்நெட்

துவாரகா, புது தில்லி
பிப்ரவரி 24

அன்புள்ள அபிராமிக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே நலமாகத்தான் இருக்கிறோம், அவருக்குச் சர்க்கரை அளவோடு இருக்கிறது, எனக்கு முழங்கால் அளவில்லாமல் வலிக்கிறது. அங்கே நீ சௌக்கியமா என்று அடுத்த வரியில் எழுத வேண்டும், அதை நான் கடைசியில் கேட்கிறேன், காரணம் இருக்கிறது. கனடாவில் இருக்கிற கால்கரிக்குப் போய்க் கடிதமா, வாட்ஸப் இல்லையா என்று சிரிப்பாய். சிரி. கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். தில்லியில் பிறந்து வளர்ந்த நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், நம் வீட்டு வைஃபை ஓடிய அதே வேகத்தில். பரவாயில்லை, நாலு நாள் ஆனாலும் முழுசாகப் படி.

முதலில் வைஃபை கதை. தீபாவளியிலிருந்து நாலு மாதமாக உன் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை என்பது உனக்கே தெரியும். ஞாயிறு எட்டு மணிக்குக் கூப்பிட்டால் முதலில் உன் நெற்றி வரும், பிறகு கட்டம் கட்டமாக மூக்கு வரும், வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுவாய், அம்மா கேக்குதா அம்மா கேக்குதா என்று குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வரும். பெற்ற பெண்ணை வாரத்துக்கு ஒரு தடவை பார்ப்பதற்கு இந்த லட்சணம். கம்பெனிக்குப் புகார் செய்ததில் ஒரு மகானுபாவர் வந்தார். வாசல் பக்கத்துப் பெட்டியில் தன் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, ஆன்ட்டிஜி லைன் ஏக்தம் டீக் ஹை, லைனில் ஒரு கோளாறும் இல்லை, ரௌட்டர் எங்கே என்று கேட்டார். அது பத்திரமாக இருக்கிறது என்றார் உன் அப்பா. சரி, ரீஸ்டார்ட் கர் லோ, அணைத்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார், அவர் படித்த படிப்பே அந்த ஒரு வார்த்தைதான் போலிருக்கிறது. அடுத்தது மேல் மாடி ஜோதிலிங்கம் மாமா. ஏர்ஃபோர்ஸில் ரேடார் பார்த்தவர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார், கேன்டீன் கணக்குதான் பார்த்தார் என்பது அவர் மனைவியே சொன்னது. பில்டிங்கில் யாரோ உங்கள் நெட்டைத் திருடுகிறார்கள் என்று அவர் தீர்ப்புச் சொல்ல, உன் அப்பா நாலு தடவை பாஸ்வேர்டை மாற்றினார். நாலாவது பாஸ்வேர்டு அவருக்கே மறந்துபோய், இரண்டு நாள் திருடனுக்கும் நெட் இல்லை, எங்களுக்கும் இல்லை. நீ மட்டும் என்ன, சேனலை மாற்று, அதை அமுக்கு, இதை அழி என்று பதினோரு பாயிண்ட் அனுப்பினாய், ரௌட்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் அப்பா அதற்கும் ஒரு ரிஜிஸ்டர் போட்டார், தேதி, நேரம், வேகம், ரிமார்க்ஸ் என்று கோடு கிழித்து. பிறகு ஜனவரியில் நீயே, பரவாயில்லம்மா, குரல் கேக்குதே அது போதும் என்றாய். என் பெண்ணுக்கு எவ்வளவு பொறுமை வந்துவிட்டது என்று பூரித்துப்போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன வியாழக்கிழமை ஒரு ரிசப்ஷனுக்குப் பட்டுப்புடவை எடுக்கப் பீரோவைத் திறந்தேன், சரோஜினி நகர் குவார்ட்டர்ஸிலிருந்து நம்மோடு வந்ததே, அந்தப் பச்சை இரும்பு பீரோ. கட்டிலில் கிடந்த என் மொபைலில் சமையல் வீடியோ ஒன்று அரை மணியாகச் சுற்றிக்கொண்டே இருந்தது, கதவைத் திறந்ததும் அந்தப் பெண் கடகடவென்று கத்தரிக்காய் நறுக்க ஆரம்பித்தாள். மூடினேன், கத்தி பாதியில் நின்றது. திறந்தேன், நறுக்கினாள். மூன்று தடவை செய்து பார்த்தேன். தீபாவளிக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்தபோது தூசி படும் என்று உன் அப்பா ரௌட்டரைப் பீரோவுக்குள் வைத்தார், பின்பக்கம் டிரில் போட்டு ஒயருக்கு ஓட்டை வேறு. ஸ்டோர்ஸ் செக்‌ஷனில் முப்பத்தொரு வருஷம் இருந்தவர், நல்ல பொருள் என்றால் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருக வேண்டும், அதுதான் அவருக்குத் தெரிந்த விஞ்ஞானம். பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வெளியே எடுத்து ஹாலில் ஷோகேஸ் மேல் வைத்தேன், மூன்றாக இருந்த வேகம் எண்பத்திரண்டு ஆனது. அப்படியும் மனிதர் ஒத்துக்கொள்ளவில்லை, ரிமார்க்ஸில் காரணம் பரிசீலனையில் உள்ளது என்று எழுதினார்.

அந்த ஞாயிறு உன்னைக் கூப்பிட்டோம். நெட் சரியான செய்தியை உன்னிடம் சொல்லவில்லை, நீயே பார்த்து அசந்துபோகட்டும் என்று இருந்தேன். படம் கண்ணாடி மாதிரி வந்தது அபி. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. உன் பின்னால் சுவரில் ஆணி இருந்தது, கல்யாண போட்டோ இல்லை. மாப்பிள்ளை எங்கே என்றேன், குளிக்கிறார் என்றாய். நாலு மாதமாக ஞாயிறுதோறும் அதே நேரத்தில் ஜெயந்த் குளித்துக்கொண்டே இருக்கிறார், அவ்வளவு அழுக்கா அந்த ஊரில்? போட்டோ எங்கே என்று கேட்டேன். நீ வாயைப் பாதி திறந்தபடி அசையாமல் உட்கார்ந்துவிட்டாய், படம் ஹேங் ஆகிவிட்டது என்று நான் நினைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் உன் முன்னால் இருந்த டீயிலிருந்து ஆவி போய்க்கொண்டே இருந்ததடி. ஸ்கூல் நாடகத்தில் மரமாக நிற்கச் சொன்னதற்கு மூக்கைச் சொறிந்தவள் நீ, இப்போது எவ்வளவு நன்றாக நிற்கக் கற்றுக்கொண்டாய். பிறகு நெட் சரியில்லம்மா என்று வைத்துவிட்டாய். என்னை ஏமாற்றியதில் எனக்குக் கோபம், நிஜமான கோபம். நாலு மாதமாக அந்தப் பனியில் தனியாக உட்கார்ந்து இதை யாரிடம் சொல்லி அழுதாய்?

உன் அப்பா ரிஜிஸ்டரை எடுத்துத் தேதி போட்டார், எண்பத்திரண்டு என்று எழுதினார், ரிமார்க்ஸை அப்படியே விட்டு மூடினார். கொஞ்ச நேரம் கழித்து நம் பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டார். பீரோவில்தான் இருந்தது, அந்தப் பீரோவால் ஒரு உபயோகம். எனக்கு விசா வாங்குவது எப்படி என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார், நீ இங்கே வருவதானாலும் வா, உன் அறையில் கிடந்த அவருடைய ஃபைல்களையெல்லாம் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன். எதனால், யார் மேல் தப்பு என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஜோதிலிங்கம் மாமா கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இது வந்து சேர இரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள். அதற்குள் வருகிற ஞாயிறுகளில் நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரியே கத்தரிக்காய் விலை பேசுவேன், நடிப்பு உனக்கு மட்டும்தான் வருமா என்ன. வேளைக்குச் சாப்பிடு, ரொட்டியைக் கடித்துவிட்டுச் சாப்பாடு ஆயிற்று என்று சொல்லாதே. எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, நன்றாக இருப்பாய். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், ரௌட்டர் இனி ஷோகேஸ் மேல்தான், நெட் ஸ்லோ என்கிற சாக்கு இந்த வீட்டில் செல்லாது. அழ வேண்டும் போலிருந்தால் என் முகத்தைப் பார்த்து அழு.

இப்போது கேட்கிறேன். நீ சௌக்கியமா?

உன் அம்மா,
ருக்மிணி