முதலாளி கேட்ட சாதகம்

வெள்ளி இரவு.

பெட்டைப் பிள்ளைகளுக்கு வேலை ஆசை ஊட்டவென்று இன்று பேத்தியின் பள்ளிக்கூடத்துக்கு முதலாளிமாரைக் கூப்பிட்டிருந்தார்கள். "சொந்தக் காலிலை நில்லுங்கோ" என்று அவர்களில் ஒரு கட்டடக் கொம்பனிக்காரர் முழங்கினாராம். இஞ்சினியராக என்ன படிக்கவேண்டும் என்று இவள் எழும்பிக் கேட்டிருக்கிறாள்.

பின்னேரம் அந்த மனிதர் வீட்டுக்கே வந்து என் மகனிடம், "கெட்டிக்காரப் பிள்ளை. என்ரை மகனுக்குப் பொருத்தம் பாப்பம், சாதகத்தைத் தாங்கோ" என்கிறார். வெட்கம் கெட்டவர்.

"உம்மடை மனுசியின்ரை ரீச்சர் வேலையைக் கலியாணம் முடிஞ்ச கிழமையே நிப்பாட்டினது ஆர், தம்பி?" என்று கேட்டேன். தேத்தண்ணீரைத் தொடாமலே போய்விட்டார்.

நல்ல சம்பந்தம் கெட்டுவிடுமென்று மகன், சாதகத்தை வைத்துப் பூட்டிய அலுமாரியின் திறப்பைத் தேடுகிறான். அது என் மடியில் இருக்கிறது. பேத்தி இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய சோதனை முடியும்வரை தேடட்டும்.