ஊர்ப்பணமும் உன் பெயரும்

இன்று காலை உன் மனைவி ஒரு பழுப்பு உறையோடு என் மோட்டார் ரிப்பேர்க் கடைக்கு வந்தாள். உன் பெயருக்கு முன்னால் காலஞ்சென்றவர் என்று ஆங்கிலத்தில் போட்டு, கீழே வாரிசு என்று அவள் பெயரை அடித்திருக்கிறார்கள். நீ செத்தது வருமான வரிக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நீ எப்படிப்பட்டவன் என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

கோயில் திருப்பணி என்றால் நம் ஊரில் தலைக்கட்டு வரி போடுவோம். வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து, கை சுத்தமான ஒருவனிடம் கொடுத்து வைப்போம். அவனிடம் ரசீது கேட்பது அவனைச் சந்தேகப்படுவதற்குச் சமம். அந்தக் கூட்டத்தில் உன் பெயரைச் சொன்னவன் நான். "என் ஆட்டுக் கணக்கே எனக்கு நிக்காது, என்னையப் போயி சொல்றியே மாப்ள" என்றாய். கூட்டம் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கொடுத்ததும் சேர்ந்து, ஒரே வருடத்தில் பதினான்கு லட்சம் ரொக்கம் உன் சேமிப்புக் கணக்கில் ஏறியது. பத்து லட்சத்தைத் தாண்டினால் வங்கி வரி அலுவலகத்துக்கு எழுதிப்போட வேண்டும் என்ற விதி நம் இருவருக்குமே தெரியாது.

முதல் நோட்டீஸ்கள் மெயிலில் வந்தனவாம். நீ பான் கார்டு எடுத்தபோது, குளத்தூர் கம்ப்யூட்டர் சென்டர்காரர் தன் மெயில் முகவரியையே போட்டுவிட்டிருக்கிறார். அவர் பார்க்கவில்லை. தபாலில் வந்த ஒன்றை மட்டும் நீ மடியில் சுருட்டிக்கொண்டு என்னிடம் வந்தாய். எட்டாவதோடு நின்ற நான் அகராதியை வைத்து மத்தியானம் முழுக்க அதைப் படித்தேன். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தார்கள்.

"எதுக்கும் டவுனுக்குப் போயி ஒரு ஆடிட்டரப் பாத்துட்டு வந்துருவமா?" என்றாய்.

"களவாண்டவன்தான்டா பதில் சொல்லணும். ஒனக்கு எதுக்கு? பேசாம இரு" என்றேன்.

நீ பேசாமல் இருந்தாய். பதில் வராததால் அது கணக்கில் காட்டாத வருமானம் என்று தீர்ப்பாகிவிட்டது. அப்படிப்பட்ட பணத்துக்கு முக்கால் பங்குக்கு மேல் வரி, அதற்கு மேல் அபராதம். பணமோ கோபுரத்தில் சிமெண்டாகிவிட்டது. உன் கணக்கை முடக்கினார்கள்; ஆடு விற்று நீ போட்டிருந்த காசும் அதற்குள்தான் இருந்தது. கும்பாபிஷேகத்தன்று பந்தியில் யாரோ "கோயில் பணத்துல என்னமோ வில்லங்கமாம்ல" என்று சொன்னது உன் காதில் விழுந்தது. இலையை மூடிவிட்டு எழுந்தாய். அதற்குப் பிறகு நீ கோயில் பக்கம் வரவில்லை. ஆறு மாதத்தில் போய்ச் சேர்ந்தாய்.

அதன் பிறகு அரசாங்கத்துக்கு நான் எழுதாத மனு இல்லை. ஊர்ப் பொதுப்பணத்துக்கென்று தனிக் கணக்குத் திறக்க எளிய வழி வை. நோட்டீஸைத் தமிழில் எழுதி ஆள் கையில் கொடு. மெயில் தெரியாதவனை ஒரு முறையாவது நேரில் கூப்பிட்டு, அவன் முகத்தைப் பார்த்து விசாரி. இவ்வளவுதான் கேட்டேன். புது வருமான வரிச் சட்டம் எளிமையாக வந்துவிட்டது என்கிறார்கள். எளிமை யாருக்கு என்று எழுதிக் கேட்டேன். மனு கிடைத்தது என்ற ஒற்றை வரிக்கு மேல் யாரும் பதில் போடவில்லை.

இது எங்கள் பணம் என்று எழுதிக் கொடுங்கள் என ஊரில் வீடு வீடாகப் போனேன். கையெழுத்துப் போட்டால் நமக்கும் நோட்டீஸ் வருமோ என்று பயந்தார்கள். அறுபது வீட்டில் ஒன்பது வீடு போட்டது. மற்றவர்களோடு எனக்குப் பேச்சில்லை. இனியும் இல்லை.

இன்று உறையைப் பிரித்துப் படித்துச் சொன்னேன். கட்டாவிட்டால் உன் பெயரில் இருக்கும் நிலத்தை ஜப்தி செய்வார்கள். அவளுக்கு இருப்பது அந்த நிலம் ஒன்றுதான். அவள் கேட்டாள்: "அண்ணே, பதில் போட வேணாம்னு அவுகளுக்கு யாரு சொன்னா?"

நீ அவளிடம் சொல்லவே இல்லை. சாகும்வரை என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "நான்தான் தாயி" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மத்தியானம் திருக்கோகர்ணத்தில் ஓர் ஆடிட்டரிடம் இருவரும் போனோம். மேல்முறையீட்டுக்குக் கெடு முடிந்துவிட்டதாம். தாமதத்துக்குக் காரணம் எழுதித் தர வேண்டும் என்றார். உனக்கு அப்போது உடம்பு சரியில்லை என்று போட்டால் சுலபமாக எடுத்துக்கொள்வார்கள் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பொய் சொல்லி மீட்கிற பெயர் உனக்கு வேண்டாம். காகிதத்தை வாங்கி, தமிழில், என் கையாலேயே எழுதினேன்: 'இவர் பதில் அனுப்பத் தயாராக இருந்தார். அனுப்பாதே என்று தடுத்தவன் நான்.'

கீழே என் முழுப் பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இனி நோட்டீஸ் அனுப்புவதானால் எனக்கு அனுப்பட்டும்.