வெட்டப்பட்ட முதல் பக்கம்

கார்த்திகை 9, ஞாயிறு.

வரதராசன்பேட்டையிலிருந்து திரும்பியும் மனம் அங்கேயே நிற்கிறது. சவரிமுத்து வாத்தியார் தன் அப்பா எழுதியதென்று ஒரு பழைய செவ்வாய்க் கிரக நாவலைக் காட்டினார். ஊர் நூலகத்துக்கு அப்பா பெயரை வைக்க மனு கொடுத்திருக்கிறார். நான் பத்திரிகையில் செய்தி போட்டால் காரியம் நடக்கும் என்று நம்புகிறார்.

வாள் ஏந்திய வீரன், சிறகு முளைத்த அரக்கர்கள், சிறைப்பட்ட இளவரசி: எல்லாம் இங்கிலீஷில் படித்த கதை போலவே இருந்தது. அந்தக் காலத்தில் இங்கிலீஷ் கதையைத் தமிழில் எழுதினால் முதல் பக்கத்தில் ‘தழுவல்’ என்று போடுவார்கள். இதில் முதல் பக்கமே இல்லை.

“கரையான் தின்னுடுச்சு சார்” என்றார்.

“இவ்வளவு நேர்க்கோடாவா? பிளேடு வச்சிருந்துச்சா வாத்தியாரே?”

“காப்பி ஆறிடப் போவுது, குடிங்க சார்.”

ஆனால் நடுவில் ஓர் இடம். இளவரசி வற்றிய கடலில் நடக்கிறாள். காலடியில் கல்லாகிப்போன நத்தைகள் சுருள் சுருளாகக் கிடக்கின்றன. அப்படிப்பட்ட கல் நத்தைகள் கிடைக்கும் நம் அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இறங்கிப் பார்த்தவர்தான் அதை எழுத முடியும். அது நிச்சயம் அவர் அப்பாவின் எழுத்து.

பிறகு எதற்கு வாத்தியார் முதல் பக்கத்தை வெட்டினார்? அதில் தழுவல் என்றே இருந்தாலும் அந்தக் கடல் பத்திக்காகச் செய்தி எழுதியிருப்பேன். இப்போது எழுதினால் வெட்டியதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.